கடல் சத்தம் கேக்கணும்

வாங்க சார், வாங்க. செருப்ப உள்ளயே விடலாம். ப்ரோக்கர் கீழயே நின்னுட்டானா? நிக்கட்டும். அவன் மேல வந்தா என்னைப் பேச விடமாட்டான், எல்லாத்துக்கும் அவனே பதில் சொல்லுவான். உக்காருங்க. வீட்டைச் சுத்திக் காட்டறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பேசிடலாம். வர்றவங்க எல்லாரும் ரூம் ரூமாப் பாத்துட்டு கடைசியில அதத்தான் கேக்கறாங்க. இவ்வளவு நல்ல வீட்ட ஏன் சார் விக்கறீங்கன்னு.

அருவருப்பா இருக்கு சார். அதான் காரணம். இந்த பில்டர், இந்த அசோசியேஷன், அந்தக் குப்பத்து ஜனங்க, எல்லாரையும் பாத்தா எனக்குக் குமட்டிக்கிட்டு வருது. இதுல என் வீட்டுக்காரி வேற. சரோஜினின்னு பேரு. நாலு மாசமா அவ இங்க இல்ல, திருவாரூர்ல தங்கச்சி வீட்டுல போய் உக்காந்திருக்கா. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு கடுதாசியில நான் கையெழுத்துப் போட்டு கலெக்டருக்கு அனுப்பினாத்தான் வருவாளாம். முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவ சார். எட்டே எட்டு வரிக் கடுதாசிக்காகப் போயிட்டா. சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில க்ளெய்ம் செக்‌ஷன்ல இருந்து ரிடையர் ஆனவன். முப்பத்திரண்டு வருஷம் எவன் பொய் சொல்றான்னு மோப்பம் பிடிக்கறதுதான் வேலை. ஒருத்தன் எழுதின பேப்பரப் பாத்தாப் போதும், கடை எரிஞ்சுதா, எரிச்சானான்னு சொல்லிடுவேன். தனசேகரன் டேபிளுக்குப் போச்சுன்னா அவ்வளவுதான்னு சொல்லுவாங்க ஆபீஸ்ல. அதனால நான் சொல்றதுல பொய் இருக்காது, அத முதல்ல மனசுல வச்சுக்குங்க.

இங்க வந்து ஆறு வருஷம் ஆச்சு. அப்ப வெண்ணாங்குப்பம் ஸ்டாப்புல பஸ் நின்னா இறங்க ஆள் இருக்காது. ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் சவுக்கு, நடுவுல இந்த ஒரு கட்டடம். இப்ப வழியெல்லாம் பாத்துட்டு வந்திருப்பீங்களே. உப்பளத்த மூடி வில்லா. ஏரிக்கரையில ஸ்கூல். தண்ணி நிக்கற பள்ளம் பூராவும் மண்ணடிச்சு ப்ளாட். மழை பேஞ்சா தண்ணி எங்கடா போகும்னு ஒருத்தனாவது யோசிச்சானா? ஒருத்தனும் யோசிக்கல. பேராசை சார், வெறும் பேராசை. நாங்க வந்தப்ப அப்படியில்ல. நாங்க கடலுக்காக வந்தோம்.

வந்த முதல் நாளே என்ன கண்டுபிடிச்சோம்னா, கடல் தெரியுது, ஆனா சத்தம் கேக்கல. என்னன்னு பாத்தா ஏ ப்ளாக்குக்குக் கீழ ஒரு மோட்டார். நூத்திப் பன்னெண்டு வீட்டு கக்கூஸ் தண்ணியும் அங்கதான் தொட்டியில வந்து விழுது. அதுக்குள்ள விடாம காத்து அடிக்கணுமாம். அடிச்சாத்தான் அழுக்கத் தின்னுற கிருமி உயிரோட இருக்குமாம், தண்ணி தெளியுமாம். சரி, இருக்கட்டும். ஆனா அந்தச் சத்தம் இருக்கே! உர்ர்ருன்னு பொழுதன்னைக்கும். மத்தியானம் கண்ணசர முடியாது. கடலோரத்துல வீடு வாங்கிட்டு மாவு மில்லுல குடியிருக்கிற மாதிரி.

அஞ்சு வருஷம் பில்டர்காரன் பராமரிச்சான். வாய மூடிட்டு இருந்தோம். அப்புறம் எல்லாத்தையும் அசோசியேஷன்கிட்ட ஒப்படைச்சான். நான்தான் செகரட்டரி. நான் கேட்டு வாங்கல சார், எல்லாரும் சேர்ந்து தலையில கட்டினாங்க. முதல் மீட்டிங்லயே ஏ ப்ளாக்காரங்க எழுந்து நின்னுட்டாங்க. சார், நாங்க கடல் சத்தம் கேக்கணும். கேக்கறது நியாயம்தானே? சாவி என்கிட்ட இருக்கு. மோட்டார் ரூமுக்கு நானே போனேன். மாசிலாமணின்னு ஒருத்தன், அத ஓட்டறவன், சொன்னான், "சார், ஒரு நாள் ரெண்டு நாள்னா பரவால்ல. அப்படியே நிறுத்தினா கிருமியெல்லாம் செத்துப் போயிடும் சார். வர்றது வந்த மாதிரியே வெளிய போவும்."

எங்க போகும்னு கேட்டேன். "பின்பக்கம் ஓடையில" அப்படின்னான். ஓடைதானே, கடலுக்குத்தானே போகுது, அவ்வளவு பெரிய கடலுக்கு இது ஒரு பெரிய விஷயமா? தண்ணி ஓட ஓட தானாத் தெளிஞ்சுடும், நான் சின்னப் பையனா இருந்தப்ப படிச்சது எனக்குத் தெரியாதா? நிறுத்துடான்னேன். நிறுத்தினான். சார், பொய் சொல்லக் கூடாது, அந்த அமைதி இருக்கே! எல்லாரும் பால்கனிக்கு வந்துட்டாங்க. அலை அடிக்குது, அப்படியே காதுல விழுது. ஏ ப்ளாக்ல ஒரு அம்மா அழுதே போயிட்டாங்க. எனக்குச் சால்வை போட்டாங்க. பொல்யூஷன் போர்டுல இருந்து செக்கிங் வர்ற அன்னிக்கு மட்டும் மோட்டாரப் போடுவோம். அது எல்லா அப்பார்ட்மெண்ட்லயும் செய்யறதுதான்.

ஒரு மூணு வாரம் இருக்கும். நாத்தம் ஆரம்பிச்சுது.

என்ன நாத்தம்ங்கறீங்க? காலையில பால்கனிக் கதவத் திறந்தா மூஞ்சியில அடிக்கும். காபி இறங்காது. சாமி ரூம்ல ஊதுபத்தி ஏத்தினா ரெண்டும் கலந்து இன்னும் மோசமா இருக்கும். எல்லாரும் ஒரே திசையில கைய நீட்டினாங்க. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், ஓடைக்கும் மணலுக்கும் நடுவுல, குப்பத்துப் பொம்பளைங்க பதினோரு பேர் கருவாடு காயப்போடுற களம். வலைய விரிச்சு நெத்திலி, காரப்பொடி மீனுன்னு பரப்பி வச்சிருப்பாங்க. வேற எங்க இருந்து வரும் நாத்தம்?

எனக்கு மீன் பிடிக்காதுன்னு நினைக்காதீங்க. கருவாட்டுக் குழம்புன்னா உயிரு. அந்தப் பதினோரு பேர்ல தேசம்மான்னு ஒருத்தி, ஐம்பது வயசு இருக்கும், எங்க வீட்டுக்கு அவதான் மீன் குடுப்பா. கூடையோட லிஃப்ட்ல வரக் கூடாதுன்னு அசோசியேஷன் ரூல், அதனால சரோஜினி கீழ கேட்டுக்குப் போய் வாங்குவா. வாங்கப் போனவ முக்கால் மணி நேரம் நின்னு பேசிட்டு வருவா. என்ன பேச்சோ. நான் கேட்டதில்ல.

மனுவ நான்தான் எழுதினேன். சும்மா சொல்லக் கூடாது, என் வாழ்க்கையிலயே அந்த மாதிரி ஒரு மனு எழுதினதில்ல. சுகாதாரக் கேடு, ஈத்தொல்லை, முதியோர், குழந்தைகள், சுவாசக் கோளாறு. எல்லாம் வரிசையா. மூணு பக்கம். அந்த இடத்துக்கு அவங்ககிட்ட பட்டா இல்ல, புறம்போக்கு, அதையும் போட்டேன். சரோஜினிகிட்ட படிச்சுக் காட்டினா, அவ அரிசி களைஞ்சுக்கிட்டே கேக்கறா, "ஏங்க, வருஷக் கணக்கா அங்க கருவாடு காயுது. இப்ப மட்டும் எப்படி நாறும்?" சிரிச்சேன். உனக்கு என்ன தெரியும்னேன். வெயில் ஏறிடுச்சு, அதான்னேன்.

தாலுகா ஆபீஸ்ல குடுக்கறதுக்கு முன்னாடி, மனுஷத்தன்மையா இருக்கட்டுமேன்னு நானே களத்துக்குப் போனேன். கைக்குட்டைய மூக்குல வச்சுக்கிட்டுத்தான் போனேன். தேசம்மா நெத்தி வேர்வையத் துடைச்சுக்கிட்டு வந்தா. "இன்னா சார், நீங்களே வந்துட்டீங்க. சொல்லி அனுப்பினா நான் வர மாட்டனா?" விஷயத்தச் சொன்னேன். கொஞ்சம் தள்ளிப் போய் காயப்போடுங்கன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன்.

அவ என்னையே பாத்தா. "தள்ளித் தள்ளி வந்துதான் சார் இங்க இருக்கோம். மொதல்ல அந்த ரிசார்ட் இருக்குதே, அங்க காயப்போட்டோம். அப்புறம் வில்லா வந்துச்சு, ஓடைக்கு அந்தப் பக்கம் வந்தோம். இப்ப இங்க. இதுக்கு மேல தள்ளினா தண்ணிதான் சார்." பின்னால நின்ன பொண்ணுங்க ஏதோ சொல்ல வந்தாங்க. இவ கையக் காட்டி அடக்கிட்டா. அப்பவே எனக்குச் சந்தேகம், ஏதோ மறைக்கறாங்கன்னு. சொன்னேனே, மோப்பம் பிடிக்கிற ஆளு நான்.

மனு வேலை செஞ்சுது. அந்த வேகத்துல வேலை செய்யும்னு நானே எதிர்பாக்கல. அந்த பில்டர்காரன் வண்டி குடுத்தான், ஆள் குடுத்தான். ஏன் இவ்வளவு அக்கறைன்னு அப்ப நான் யோசிக்கல. ஒரு காலையில ஜேசிபி வந்துச்சு. பாதி காஞ்ச நெத்திலி, அதையும் எடுக்க விடல, அப்படியே மணலோட சேத்து வாரி ஓரமா தள்ளிட்டான். அது எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஒரு அரை மணி நேரம் குடுத்திருக்கலாம். சரோஜினி இந்த பால்கனியில நின்னு பாத்துக்கிட்டிருந்தா. பொம்பளைங்க மண்ணு வாரித் தூத்தறாங்க, கத்தறாங்க. தேசம்மா மட்டும் கத்தல, குனிஞ்சு மணல்ல இருந்து ஒவ்வொரு மீனாப் பொறுக்கி முந்தானையில போட்டுக்கிட்டிருந்தா. கீழ அசோசியேஷன்ல கேசரி குடுத்தாங்க. சரோஜினிக்கு ஒரு கப் கொண்டு வந்தேன். தொடல.

மறுநாள் காலையில பால்கனிக் கதவத் திறக்கறேன். அதே நாத்தம்.

மண்ணுல ஊறிப்போச்சு சார், போகறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்னு சொன்னாங்க. நானும் அதான் சொன்னேன். ரெண்டு லோடு செம்மண் கொண்டு வந்து அந்தக் களத்து மேல அடிச்சோம். பினாயில் ஊத்தினோம். ஏ ப்ளாக் அம்மா வேப்பிலைப் புகை போடச் சொன்னாங்க, அதையும் போட்டோம். மூணு வாரம். நாத்தம் கூடிக்கிட்டே போகுது. செத்த மீன் இல்ல, செத்த மாடு நாறுற மாதிரி. சில பேர் குப்பத்துல இருந்து வேணும்னே எதையோ கொண்டு வந்து புதைச்சுட்டாங்கன்னாங்க. இருக்கும்னு நானும் நினைச்சேன். அந்த ஜனங்க செய்வாங்க.

ஒரு நாள் சரோஜினி குடையை எடுத்துக்கிட்டு வெளிய போனா. மூக்கு போற வழியில போயிருக்கா சார், சுவரோரமாவே. ஒரு மணி நேரம் கழிச்சு வந்து ஹால்ல நிக்கறா. முட்டி வரைக்கும் கருப்பா ஒட்டிக்கிட்டிருக்கு. டைல்ஸ்ல சொட்டுது. "வாங்க காட்டறேன்"னா. என்னத்தன்னு கேட்டேன். "நம்ம குழாய். அது வாயில இருந்து ஓடை வரைக்கும் மலம் சார்..." என்னைப் போய் சார்னு கூப்பிடறா. முப்பத்தாறு வருஷத்துல முதல் தடவையா. "போய்ப் பாருங்க, செகரட்டரி சார். மூணு பக்கம் எழுதினீங்களே, இத எழுதலியே."

எனக்குத் தெரியாதுன்னேன். தெரியாதுதான் சார். அதாவது, மாசிலாமணி ஒருவாட்டி வந்து நாத்தம் குழாய்ல இருந்துதான்னான். அது மனு குடுத்ததுக்கு அப்புறம். குடுத்த மனுவ எப்படி வாபஸ் வாங்கறது? கையெழுத்துப் போட்ட எழுபது பேருக்கு நான் என்ன பதில் சொல்றது? என் பேரு என்ன ஆகறது?

அன்னிக்கே அவ என்னை இழுத்துக்கிட்டு தேசம்மாவப் பாக்கப் போனா. இப்ப அவங்க மெயின் ரோட்டு ஓரம் தார் மேல காயப்போடறாங்க. லாரி போனா புழுதி பூரா மீன் மேல. பாதி விலைக்குக் கூட வாங்க ஆளில்ல. சரோஜினி கேட்டா, "தேசம்மா, நாத்தம் எங்களுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னாம்மா? மூணாம் நாளே தெரியும். ஓடைப் பக்கம் விரிக்கிறதயே வுட்டுட்டோமே. தண்ணியில கால் வச்ச புள்ளைங்களுக்கு எல்லாம் சிரங்கு. காஞ்ச கருவாடு எங்கனாச்சும் அப்படி நாறுமா?"

"அப்ப இவரு வந்தப்ப ஏன் சொல்லல?"

அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா சார்? தலையக் குனிஞ்சுக்கிட்டு, ஏதோ அவ தப்பு பண்ணின மாதிரி, "எப்படிம்மா சொல்றது? படிச்சவங்க. நம்ம கையால மீன் வாங்கித் துன்றவங்க. உங்க வூட்டுப் பீதான் நாறுதுன்னு மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியுமா? சார் வெக்கப்பட்டுப் போயிடுவாருன்னு வுட்டுட்டோம். அவங்களா கண்டுபிடிச்சு அடைச்சுக்குவாங்கன்னு இருந்தோம்."

என்ன திமிர் பாத்தீங்களா? எனக்கு வெக்கமாம்! எனக்காக இவங்க பாவம் பாத்தாங்களாம்! சொல்லியிருந்தா நான் அந்த மனு எழுதியிருப்பேனா? ம்? எழுதியிருக்க மாட்டேன். எழுதியிருக்கவே மாட்டேன்னு நினைக்கறேன். இத சரோஜினிகிட்ட ஆட்டோவுல சொன்னேன். அவ வீட்டுக்கு வந்து, என் லெட்டர் பேடை எடுத்து, அவ கையாலேயே எட்டு வரி எழுதினா. நாத்தம் எங்கள் கட்டடத்தின் கழிவுநீரால் வந்தது, கருவாட்டுக் களத்தால் அல்ல, நான் கொடுத்த மனு தவறு, அந்தப் பெண்களுக்கு இடத்தைத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான். கீழ என் பேர எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டு, டேபிள்ல வச்சுட்டு, பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

போன அன்னிக்கு ஆத்திரத்துல நான் மோட்டாரப் போட்டேன் சார். போடலன்னு நினைக்காதீங்க. ஒரு மணி நேரத்துல ஏ ப்ளாக்ல இருந்து ஆறு போன். நிறுத்திட்டேன். அதான் இப்பக்கூட பால்கனிக் கதவ இறுக்க மூடியே வச்சிருக்கேன்.

அப்புறம்தான் பில்டர்காரன் குணம் தெரிஞ்சுது. அந்தக் களம் இருந்த இடம் வழியாத்தான் அவனோட ரெண்டாவது கட்டடத்துக்கு ரோடு வருது. நாங்க அடிச்ச செம்மண் மேலயே ஜல்லி போட்டுட்டான். என் மனுவக் காட்டியே பர்மிஷன் வாங்கியிருக்கான், அயோக்கியன். த்தூ. இப்படியும் ஒரு பொழப்பா? அவன் எழுப்பற கட்டடம் இந்தப் பக்கம்தான் வருது, நாளைக்கு இந்த பால்கனிக்கு நேரா எவன் வீட்டு பாத்ரூம் ஜன்னலோ இருக்கும். அதுக்குத்தான் சீக்கிரம் வித்துடலாம்னு... இல்ல, அதுக்கு இன்னும் ஒரு வருஷமாவது ஆகும், நீங்க பயப்படாதீங்க.

போன மாசம் தேசம்மாவ கேட்டுல பாத்தேன். இன்னும் மீன் கொண்டு வர்றா, பொழைக்கணுமே. நானே இறங்கிப் போய் ஒரு கிலோ சங்கரா வாங்கிட்டு, பேச்சோட பேச்சா கேட்டேன். அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, எங்களுக்கு சார் மேல கோவம் ஒண்ணும் இல்லன்னு சொல்லேன், வந்துடுவாங்கன்னு. மீனக் கழுவி கவர்ல போட்டுக் குடுத்துட்டு, "எங்கள அனுப்ப மூணு பக்கம் எழுதினீங்க. உங்க வூட்டம்மாவ வரவழைக்க மட்டும் நான் வாயால சொன்னாப் போதுமா சார்?"னா. கோவமாக்கூட சொல்லல. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த மீன நான் சமைக்கவே இல்ல.

பொம்பளைங்களும் ஒரு மனு குடுத்திருக்காங்க. வர்ற பத்தாம் தேதி கலெக்டர் ஆபீஸ்ல விசாரணை. சரோஜினி தினமும் போன்ல அதத்தான் கேக்கறா. பத்தாம் தேதிக்குள்ள அனுப்பிடுங்க, அதுக்கப்புறம் அனுப்பி பிரயோஜனமில்ல, என்னைப் பாக்கவும் வரவேண்டாம்ங்கறா. நான் என்ன மாட்டேன்னா சொல்றேன்? போடறேன். சத்தியமாப் போடறேன். ஆனா இப்பப் போட்டா என்ன ஆகும்? நோட்டீஸ் வரும், ஆளுங்க வருவாங்க, குழாய அடைப்பாங்க, பேப்பர்ல வரும். இந்த வீட்ட எவன் வாங்குவான்? அதனால நான் அமைதியா ஒரு கணக்குப் போட்டு வச்சிருக்கேன். யாருக்கும் பாதகமில்லாத வழி. முதல்ல வீட்ட ரிஜிஸ்டர் பண்ணிடறது. எப்படியும் இருபதாம் தேதி ஆகிடும். அடுத்த நாளே கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவேன். என் மனசாட்சியும் சுத்தமாயிடும், அவளும் வந்துடுவா. அதுக்கப்புறம் எந்த நோட்டீஸ் வந்தா எனக்கென்ன, அப்ப வீடுதான் என்னுது இல்லியே...

ம்? ஆமா. அப்ப உங்களுதுதான்.

அட, ஏன் எழுந்துட்டீங்க? உக்காருங்க சார். நான் பொதுவாச் சொன்னேன், உங்கள வச்சுச் சொல்லல.